உழுத வயலில் கிடைத்த பழைய இரும்புகள்: அடையாளம் காண உதவி வேண்டும்

சஃபோக் செல்வன்

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில், இப்ஸ்விச்சுக்கு வடக்கே, கோதுமையும் பார்லியும் மாற்றி மாற்றிப் பயிரிடும் ஒரு களிமண் பண்ணையில், உரிமையாளர் எழுதிக் கொடுத்த அனுமதியோடு உலோகத் தேடலில் ஈடுபட்டு வருகிறேன். நம்மில் பலரும் உலோகம் காட்டும் டிடெக்டரில் இரும்பின் ஓசையை வடிகட்டிவிட்டு, வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் காதைத் தீட்டிக்கொண்டு நடப்பதே வழக்கம். இந்தப் பண்ணைக்காரரோ தம் டிராக்டர் டயரையும் அறுவடை இயந்திரத்தையும் பதம் பார்க்கும் பழைய இரும்பையெல்லாம் எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார்; ஆகவே ஒலித்த இடத்தையெல்லாம் தோண்டினேன். எல்லாமே ஏர் புரட்டிய மண்ணுக்குள், ஒரு சாண் ஆழத்துக்குள் கிடைத்தவை. படங்களை இணைத்திருக்கிறேன், விவரம் கீழே.

1. எஃகாலான முக்கோணத் தகடுகள் சில. அடிப்பக்கம் 76 மி.மீ.; அடியில் இரண்டு துளைகள்; இரு பக்க விளிம்பும் கூராகச் சரிக்கப்பட்டவை. சிலவற்றின் விளிம்பில் நுண்ணிய பற்கள் உள்ளன, சிலவற்றில் இல்லை. ஈட்டி முனையாக இருக்குமோ என்று பண்ணைக்காரரின் மகன் கேட்கிறார்.

2. மூக்குப் போல முன்னால் நீண்ட கனமான வார்ப்பிரும்பு. பின்புறம் குழிவாக இருக்கிறது. துருவுக்கடியில் 'ரான்சம்ஸ்' என்னும் எழுத்துகளின் பாதியும் ஓர் எண்ணும் தெரிகின்றன.

3. ஒரு முனை அகன்று மறுமுனை குறுகி வளைந்த இரும்புத் தகடு. வெளிவிளிம்பை ஒட்டி மட்டும் ஆணித்துளைகள்.

4. ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுள்ள இரும்பு முளை. தலைப்பக்கம் கரண்டியைப் போல் அகன்று தட்டையாகி, அதன் நுனி பின்னோக்கிச் சுருட்டப்பட்டு ஒரு வளையமாகியிருக்கிறது.

5. 45 மி.மீ. விட்டமுள்ள உருண்டை வெண்கல மணி. அடியில் பிளவு, பிளவின் இரு பக்கமும் 'ஆர்' என்றும் 'டபிள்யூ' என்றும் ஆங்கில எழுத்துகள். உள்ளே குண்டு இன்னும் அசைகிறது.

6. இரண்டாக மடித்த எஃகுப் பட்டை; இரு முனையிலும் பெரிய துளை.

7. சதுர நட்டுடன் கூடிய ஒரு போல்ட்.

இரும்புக்கண்

செல்வன், அளவுகளோடு எழுதியதற்கு நன்றி. நாணய அளவு கூடச் சொல்லாமல் படத்தை மட்டும் போட்டு 'இது என்ன' என்று கேட்பவர்களே அதிகம்.

லிங்கன்ஷயரில் நெடுங்காலமாகப் பண்ணை இரும்பைச் சேகரித்து வருபவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு துண்டைக் கையில் எடுத்ததும் அதற்குப் பெயர் சூட்ட முனையக் கூடாது. அது எப்படிச் செய்யப்பட்டது, எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, எதோடு இணைந்திருந்தது என்ற மூன்றையும் பார்த்து முடித்த பிறகே பெயரைத் தேட வேண்டும். பண்ணை இரும்பில் பெரும்பாலானவை முழுக் கருவிகள் அல்ல, கருவியிலிருந்து உடைந்தோ கழன்றோ விழுந்த உறுப்புகள். உறுப்பின் வடிவம் கண்ணை ஏமாற்றலாம். தேய்மானமும் துளையும் ஏமாற்றுவதில்லை.

உங்கள் முக்கோணத் தகடுகளே இதற்குச் சரியான சான்று. ஈட்டி முனையைக் கொல்லர் செய்தால் நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும். காம்பைச் செருக ஒரு குழலோ வாலோ இருக்கும். உங்களுடையது முழுவதும் ஒரே கனமுள்ள தகடு. இயந்திரத்தில் வெட்டி எடுக்கப்பட்டது. அடியில் உள்ள இரண்டு துளைகளும் ரிவெட்டுக்கானவை. ஆகவே அது தனித்து நின்ற ஆயுதம் அல்ல; வரிசையாக ஒரு நீண்ட பட்டையில் அறையப்பட்ட பல தகடுகளில் ஒன்று. குதிரை இழுத்த புல்வெட்டும் இயந்திரத்திலும் கதிரறுக்கும் இயந்திரத்திலும் பக்கவாட்டில் நீண்டிருக்கும் வெட்டுப்பட்டையின் கத்தி அது. அடிப்பக்கம் 76 மி.மீ., அதாவது மூன்று அங்குலம் என்பதே அடையாளத்தை உறுதி செய்கிறது: வெட்டுப்பட்டையின் விரல்கள், அதாவது அசையாமல் முன்னே நீட்டி நிற்கும் கூர்முனைகள், மூன்று அங்குல இடைவெளியில் அமைவது வழக்கம். சக்கரம் சுழலச் சுழல அந்தக் கத்திப்பட்டை விரல்களுக்கு இடையே இடமும் வலமும் ஓடி, கத்தரிக்கோலின் இரு அலகுகள் போலத் தாளை நறுக்கும்.

பல் வைத்தவையும் வைக்காதவையும் கலந்து கிடைத்ததும் பயனுள்ள செய்தி. உலர்ந்த வைக்கோல் தாள் வழுக்கிப் போகாமல் பிடித்து அறுக்கப் பல் தேவை. பச்சைப் புல்லுக்கு வழவழப்பான விளிம்பு போதும். அதை அவ்வப்போது தீட்டிக்கொள்வார்கள். எனவே அந்த நிலத்தில் தானியமும் அறுத்திருக்கிறார்கள், தீவனப் புல்லும் வெட்டியிருக்கிறார்கள். காலத்தைப் பொறுத்தவரை, 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் மக்கார்மிக், ஹஸ்ஸி என்னும் அமெரிக்கர் இருவரின் அறுவடை இயந்திரங்கள் காட்டப்பட்ட பிறகே இவை இங்கே பரவின. அதற்கு முன்னால் கொண்டு போக வழியில்லை. பின்னால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வரலாம், ஏனெனில் இன்றைய அறுவடை இயந்திரமும் இதே முக்கோணக் கத்தியைத்தான் பயன்படுத்துகிறது.

டெர்பி மீனாட்சி

இரும்புக்கண் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்தத் தகடுகள் எல்லாம் ஒரே மூலையில் கிடைத்தனவா, வயல் முழுவதும் சிதறிக் கிடந்தனவா? வேலைக்கு நடுவே கத்தி உடைந்தால் வயலோரத்தில் உட்கார்ந்து ரிவெட்டைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை அறைவார்கள். ஒரே இடத்தில் பல கிடைத்தால், இயந்திரத்தை நிறுத்திப் பழுது பார்த்த இடமாகவோ, பட்டையோடு தூக்கிப் போட்ட இடமாகவோ இருக்கும். இதற்காகவே ஒவ்வொரு பொருளும் கிடைத்த இடத்தை ஜி.பி.எஸ். வைத்துக் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். இரும்புக்கு எதற்கு இவ்வளவு சிரத்தை என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு வயலில் நூற்றாண்டுக் கணக்கில் உழைத்தவர்கள் விட்டுச் சென்ற எழுத்து இதுதான். பெரும்பாலானவர்களுக்கு வேறு எழுத்தே இல்லை.

சஃபோக் செல்வன்

அக்கா, தகடுகள் எல்லாம் வடமேற்கு மூலையில், பழைய வாயிலுக்கு அருகில் கிடைத்தன. கொழு (மண்ணைக் கீறும் கலப்பை முனை) போன்ற வார்ப்பிரும்பும் லாடம் போன்ற தகடும் நடுவயலில். சுருட்டிய தலையுள்ள முளை மட்டும் தனியாகத் தெற்கே, ஓடைப் பக்கச் சரிவில். எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன்.

பட்டறைவீட்டுப் பிள்ளை

மூன்றாம் எண் மாட்டு லாடம்; எனக்கு இதில் துளியும் ஐயமில்லை. புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லுப்பட்டறையில் வண்டி மாடுகளுக்கு லாடம் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். குதிரைக்கு ஒரு காலுக்கு ஒரு லாடம் போதும். மாட்டின் குளம்பு பிளந்தது. நடக்கும்போது இரு பகுதியும் விலகிச் சேரும். ஒரே துண்டாக அடித்தால் குளம்பு இயங்க முடியாது. அதனால் ஒரு காலுக்கு இரண்டு தகடு, நான்கு காலுக்கும் எட்டு. ஆணித்துளைகள் வெளிவிளிம்பில் மட்டும் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஆணியைத் தாங்கும் கெட்டியான சுவர் குளம்பின் வெளிப்பக்கத்தில்தான் இருக்கிறது. பிளவுப் பக்கம் ஆணி அடித்தால் சதையில் இறங்கிவிடும்.

குதிரை நின்றபடியே காலைத் தூக்கிக் கொடுக்கும். மாடு கொடுக்காது. கயிற்றைச் சுற்றிக் கட்டி மெல்லச் சாய்த்து, நான்கு காலையும் சேர்த்துப் பிணைத்து, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அடிப்பார். இங்கிலாந்திலும் மாட்டைக் கீழே சாய்த்தே லாடம் அடித்தார்கள் என்று சசெக்ஸில் ஓர் அருங்காட்சியகத்தில் படத்தோடு பார்த்தேன். எங்கள் பட்டறை வாசலை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள் என்றே தோன்றியது. செல்வன் தம்பி, துளைகளில் ஆணித்தலை ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆணி உடைந்து தலை உள்ளேயே இருந்தால் அது மாட்டின் காலிலிருந்து வழியில் கழன்று விழுந்தது. துளை சுத்தமாக இருந்தால் ஆணி உதிர்ந்து விழுந்ததாகவும் இருக்கலாம், பட்டறையில் பிடுங்கிப் போட்டதாகவும் இருக்கலாம்.

நார்விச் தமிழினி

ஆனால் சஃபோக்கில் அந்த மாடு எதற்கு வந்தது என்பதே சுவையான கேள்வி. சசெக்ஸில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை எருதுகள் உழுதன. சஃபோக் அடங்கிய கிழக்கு ஆங்கிலியாவிலோ குதிரை ஏர் மிகவும் முன்பே வேரூன்றிவிட்டது. சஃபோக் பஞ்ச் என்னும் செம்பழுப்புக் குதிரை இனமே இந்தக் களிமண்ணை உழுவதற்கென்று வளர்க்கப்பட்டதுதான்.

எனவே உழவு மாட்டை மட்டும் நினைக்க வேண்டியதில்லை. ரயில் வருவதற்கு முன் ஸ்காட்லாந்திலிருந்து மாட்டு மந்தைகளைக் கால்நடையாகவே ஓட்டி வந்து, நார்விச்சுக்கு வடக்கேயுள்ள செயின்ட் ஃபெய்த்ஸ் சந்தையில் விற்றார்கள். அவற்றை வாங்கிய பண்ணையாளர்கள் நம் பக்கத்துப் புல்லிலும் டர்னிப்பிலும் கொழுக்க வைத்து, பிறகு லண்டன் ஸ்மித்ஃபீல்டுக்கு ஓட்டினார்கள். அத்தனை தூரத்தைக் கல் பாவிய சாலையில் நடந்து கடக்க மாட்டுக்கு லாடம் வேண்டும். 1840களில் ரயில் பாதை வந்ததும் இந்த நடை படிப்படியாக நின்றது; ஸ்மித்ஃபீல்டின் உயிர்க்கால்நடைச் சந்தையும் 1855இல் அங்கிருந்து வேறிடம் போயிற்று.

ஒரே ஒரு லாடத்தை வைத்து உழவு மாடா, மந்தை மாடா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. உங்கள் வயலை ஒட்டிப் பழைய அகலச் சாலையோ பசும்பாதையோ போகிறதா என்று பாருங்கள். பாதைக்கு அருகே இதுபோல் இன்னும் கிடைத்தால் மந்தையின் பக்கம் சாயலாம்.

இரும்புக்கண்

இரண்டாம் எண்ணுக்கு வருகிறேன், ஏனென்றால் அது செல்வனின் சொந்த ஊர்ச் சொத்து. ராபர்ட் ரான்சம் 1789இல் இப்ஸ்விச்சில் வார்ப்புச்சாலை தொடங்கினார். 1803இல் அவர் காப்புரிமை பெற்ற கொழு உழவையே மாற்றிய ஒன்று. கொழுவை வார்க்கும்போது அடிப்பக்கம் மட்டும் விரைந்து குளிருமாறு செய்தார். விரைந்து குளிர்ந்த வார்ப்பிரும்பு கண்ணாடிபோலக் கடினமாகும். மெதுவாகக் குளிர்ந்த மேற்பக்கம் மென்மையாக இருக்கும். உழ உழ மேற்பக்கம் சீக்கிரம் தேயும், அடிப்பக்கம் தேயாமல் நிற்கும். அதனால் விளிம்பு தானாகவே கூராகிக்கொண்டிருக்கும். தேனிரும்புக் கொழுவை அடிக்கடி கழற்றிக் கொல்லரிடம் கொண்டுபோய்க் காய்ச்சித் தட்டிக்கொண்டு வந்த காலத்தில், இது உழவருக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் துண்டில் எங்காவது உடைந்த முகம் இருந்தால் அதைக் கம்பித் தூரிகையால் அல்ல, நகத்தாலும் மென்மையான பல் தூரிகையாலும் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கீழ்ப்பக்கம் வெண்மையாக, ஊசி ஊசியாக மினுங்கும். மேலே போகப் போகச் சாம்பல் நிறமாக, மணல் மணலாகத் தெரியும். அந்த இரண்டு அடுக்கையும் கண்ணால் கண்டுவிட்டால், குளிரவைத்து வார்த்த கொழு என்பதற்கு வேறு சான்றே வேண்டாம். பின்புறக் குழிவு கலப்பையின் அடிக்கட்டையில் மாட்டிக்கொள்வதற்கு. 1808இல் அதே ரான்சம், உறுப்புகளை வயலிலேயே கழற்றி மாட்டும்படி அமைந்த கலப்பைக்கும் காப்புரிமை பெற்றார். எண் பொறித்ததன் பயன் அதுதான்: எந்தக் கலப்பைக்கு எந்தக் கொழு என்று கேட்டு வாங்கலாம். ஆகவே எண் இருப்பதால் உங்களுடையது 1808க்குப் பிற்பட்டது என்ற அளவில் நிற்கலாம். எழுத்தின் வடிவமும் நிறுவனப் பெயரின் அமைப்பும் காலத்துக்குக் காலம் மாறியவை. ரெடிங் நகரில் உள்ள ஆங்கில ஊரக வாழ்வு அருங்காட்சியகத்தில் பழைய வேளாண் நிறுவனங்களின் விலைப்பட்டியல்கள் சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. எண்ணை எழுதிக் கேளுங்கள்.

வன்னி வேலன்

நான்காம் எண் வண்டிக் கடையாணி. ஊரில் மாட்டு வண்டி கட்டி நெல் ஏற்றிய குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. அச்சின் நுனியில் உள்ள துளையில் மேலிருந்து செருகினால் சக்கரம் கழன்று போகாது. உட்பக்க முகத்தில், சக்கரத்தின் குடம் (அச்சு நுழையும் நடுக்கட்டை) உராய்ந்த இடம் பள்ளமாகத் தேய்ந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் இது ஒரு 19ஆம் நூற்றாண்டுப் பண்ணை வண்டியின் ஆணி என்று நிம்மதியாக ஒதுக்கி வைக்கலாம். இங்குள்ள பண்ணைகளில் இவை ஏராளம்.

இரும்புக்கண்

வேலன் அண்ணா கடையாணி என்று சொன்னது முற்றிலும் சரி. காலத்தில்தான் நான் மாறுபடுகிறேன்; இந்த ஒரு பொருளில் எல்லோரும் சற்றே நிதானிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அண்மைக் காலக் கடையாணிகளில் நான் கண்டவை எளிமையானவை: நேர்த்தண்டு, மேலே ஒரு குமிழோ வளைவோ, சிலவற்றில் ஒரு துளை. தலையைக் கரண்டிபோல் அகலமாகத் தட்டி, அதன் நுனியைச் சுருட்டி வளையமாக்குவது ரோமானியர் காலத்துப் பிரிட்டனில் நன்கு அறியப்பட்ட வடிவம். பிறைபோன்ற தலையுள்ள வகையும் உண்டு. அந்த வளையத்தில் வாரைக் கோத்துக் கட்டினால் ஆணி துள்ளி விழாது. பிடுங்கும்போதும் பிடிக்க வசதி. அச்சும் குடமும் கொண்ட வண்டியில் கடையாணியின் வேலை இரண்டாயிரம் ஆண்டுகளாக மாறவில்லை. அதனால்தான் தேய்மானத்தை மட்டும் வைத்துக் காலம் சொல்ல இயலாது. தலையின் வடிவமும் கிடைத்த இடமும் பேச வேண்டும்.

செல்வன், இரண்டு செய்திகள் வேண்டும். ஓடைச் சரிவில் உழுத மண்ணின் மேல் மண்பாண்ட ஓடு, செந்நிற ஓட்டுத் துண்டு, சிப்பி ஏதாவது தென்பட்டதா? ஆணியின் மேல் துரு எப்படி இருக்கிறது: மெல்லிய பழுப்புப் படலமா, மண்ணும் கல்லும் சேர்ந்து கட்டிய தடித்த தோலா?

சஃபோக் செல்வன்

ஐயா, தலையின் வடிவம் தெரியும் அளவுக்கு மட்டும் மண்ணை உதிர்த்தேன். தண்டு முழுவதும் சிறுகற்கள் ஒட்டிய தடித்த செம்பழுப்புத் தோல் மூடியிருக்கிறது. மற்ற இரும்பு எதிலும் அப்படி இல்லை. ஓடைச் சரிவில் சாம்பல் நிறப் பாண்ட ஓடுகளைப் பார்த்தேன். விளிம்பு வளைந்த ஒன்றைப் படமெடுத்துக் கீழே இணைத்திருக்கிறேன். சிப்பி ஓடுகளும் இருந்தன. கடல் தொலைவில் இருக்கிறதே என்று வியந்தேன்.

டெர்பி மீனாட்சி

செல்வன், இதற்கு மேல் அந்த ஆணியைத் தொடாதீர்கள். தண்ணீரில் கழுவ வேண்டாம். எண்ணெய் பூச வேண்டாம். தட்டிப் பார்க்கவும் வேண்டாம். சாம்பல் நிறப் பாண்டமும் உண்டு எறிந்த சிப்பியும் ஒரே இடத்தில் கிடப்பது ரோமானியர் காலக் குடியிருப்பின் பக்கத்தில் சாதாரணமாகக் காணக்கூடியது. அதனாலேயே உறுதியாகிவிடாது, எனினும் தேர்ந்தவர்கள் பார்த்தாக வேண்டிய நிலைக்கு இது வந்துவிட்டது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கண்டெடுப்புகளைப் பதிவு செய்யும் திட்டம் 1997இலிருந்து நடந்து வருகிறது. இங்கிலாந்தில் அதைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்துகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கண்டெடுப்புத் தொடர்பு அலுவலர் இருக்கிறார், சஃபோக்குக்கும் இருக்கிறார். அவர்கள் பெரும்பாலும் 300 ஆண்டுகளுக்கு முற்பட்டவற்றையே பதிவு செய்வார்கள். ஆகவே கொழுவையும் முக்கோணக் கத்தியையும் எடுத்துப் போக வேண்டியதில்லை. ஆணியையும் ஓடுகளின் படத்தையும் ஜி.பி.எஸ். குறிப்பையும் கொண்டுபோங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் முதன்மையாகப் பொன்னையும் வெள்ளியையும் நாணயக் குவியலையும் பற்றியது. 2023இல் செய்த மாற்றத்தின்படி, 200 ஆண்டுக்கு மேற்பட்ட, உலோகம் கலந்த, வரலாற்றுக்குத் தனிச் சிறப்புடைய பொருள்களும் அதில் அடங்கும். ஒரு தனி இரும்புக் கடையாணி அந்த வரம்புக்குள் வருவது அரிது. எனினும் அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமல்ல. அந்தச் சரிவு 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் காக்கப்பட்ட தொல்லிடமா என்பதையும் தேசியப் பாரம்பரியப் பட்டியலின் வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். காக்கப்பட்ட இடமென்றால் உரிமையாளர் அனுமதி மட்டும் போதாது, தேடுவதே குற்றம்.

பட்டறைவீட்டுப் பிள்ளை

ஆணியைத் தவிர மற்றவற்றை மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்யலாம் அல்லவா? சலவைச் சோடா கரைத்த நீரில் பொருளை எதிர்முனையிலும், வேறோர் இரும்புத் தகட்டை நேர்முனையிலும் இணைத்து, பேட்டரி சார்ஜரிலிருந்து மின்சாரம் விட்டால் துரு இளகி உதிரும். கொழுவின் எழுத்து முழுவதும் அப்படித் தெரியக்கூடும்.

இரும்புக்கண்

கொழு, கத்தி, போல்ட் ஆகியவற்றுக்குச் செய்யலாம், இரண்டு எச்சரிக்கைகளோடு. நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகை வைக்கக் கூடாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து நச்சுப் பொருளாகும். சாதாரண மென்எஃகுத் தகடு போதும். ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் காற்றோட்டமான வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் வையுங்கள்.

தொன்மையான இரும்புக்கு இந்த முறையை நினைக்கவே கூடாது. மண்ணில் நெடுங்காலம் கிடந்த தேனிரும்பில் பொருளின் அசல் மேற்பரப்பு உலோகத்தில் இருப்பதில்லை. துருத் தோலுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. தோலை உரித்தால் வடிவமே போய்விடும். சில சமயம் உள்ளே உலோகமே மிஞ்சியிருக்காது. அதனால்தான் தொல்லியலாளர்கள் முதலில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கிறார்கள். அதுவரை காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்திருங்கள். மேற்பரப்பில் செம்மஞ்சள் நிறத் துளிகள் அரும்பினால், உள்ளே உப்பு வேலை செய்கிறது என்று பொருள். அலுவலரிடம் உடனே தெரிவியுங்கள்.

நார்விச் தமிழினி

மணியைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அந்த இரண்டு எழுத்தும் வில்ட்ஷயரில் ஆல்ட்போர்ன் என்னும் ஊரில் மணி வார்த்த ராபர்ட் வெல்ஸின் முத்திரை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததாகக் கொள்ளலாம். ஒரே வார்ப்பில் உள்ளே இரும்புக் குண்டோடு செய்தார்கள். எதிரே வண்டி வந்தால் விலக இடமில்லாத குறுகிய வழிகளில் முன்கூட்டியே ஒலிப்பதற்காக, வண்டிக் குதிரைகளின் சேணத்தில் கோத்தார்கள். வெந்நீரில் ஊற வைத்து மண்ணை மட்டும் எடுங்கள். பச்சைப் படலத்தைத் தேய்க்க வேண்டாம்; குண்டு அசையும் மணி கிடைப்பது நல்வாய்ப்பு.

ஆறாம் எண், ஜின் ட்ராப் என்னும் பல் வைத்த முயல் பொறியின் மடித்த ஸ்பிரிங். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இவ்வகைப் பொறி 1958 ஜூலை இறுதியோடு தடை செய்யப்பட்டது. கொடிய பொருள், தடை வந்தது நன்று. அருகே தாடைகள் இருக்கலாம், கையுறையோடு தோண்டுங்கள்.

வன்னி வேலன்

இரும்புக்கண் விவரித்த வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சுருட்டிய வளையம் எங்கள் ஊர்க் கடையாணியில் இல்லை என்பது உண்மை. அலுவலர் என்ன சொன்னார் என்பதைத் தவறாமல் எழுதுங்கள், தம்பி.

சஃபோக் செல்வன்

எல்லோருக்கும் நன்றி. அலுவலரைச் சந்தித்தேன். தலையின் வடிவத்தையும் துருத் தோலையும் ஓடுகளின் படத்தையும் பார்த்துவிட்டு, ரோமானியர் காலத்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்றார். எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்த பின்னரே பதிவில் உறுதியாக எழுதுவார்கள். ஆணி இப்போது அவர்களிடம் இருக்கிறது. ஓடைச் சரிவு காக்கப்பட்ட இடம் அல்ல. எனினும் அங்கே மேற்கொண்டு தோண்டாமல், உழுத மண்ணின் மேல் கிடக்கும் ஓடுகள் எங்கே அடர்ந்திருக்கின்றன என்று மட்டும் குறித்துத் தரச் சொன்னார்; பண்ணைக்காரரும் இசைந்திருக்கிறார்.

கொழுவின் உடைந்த முகத்தில் இரும்புக்கண் ஐயா சொன்ன இரண்டு அடுக்கும் தெளிவாகத் தெரிகின்றன: கீழே வெள்ளி ஊசிகள், மேலே சாம்பல் மணல். அந்த வயலைத் தசமபாக வரைபடத்திலும், அதாவது திருச்சபைக்குரிய பத்தில் ஒரு பங்கு வரிக்காக எடுத்த நில வரைபடத்திலும் தேடினேன். 1836ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எடுத்த அந்த வரைபடத்தில் இப்போதைய ஒரே வயல் மூன்று துண்டுகளாக இருக்கிறது. வடமேற்கு மூலை புல்வெளி, மற்ற இரண்டும் உழுநிலம். லாடம் கிடைத்த நடுப்பகுதியில் எந்தப் பாதையும் காட்டப்படவில்லை.

போல்ட் மட்டும் மிச்சம். மின்பகுப்புக்குப் பின் அளந்தேன். விட்டம் அரை அங்குலம். தலை குவிந்திருக்கிறது, தலைக்கு அடியில் கழுத்து சதுரமாக இருக்கிறது. மரையின் சுற்றுகளை ஓர் அங்குலத்துக்குள் எண்ணினால் 12 வருகிறது.

இரும்புக்கண்

12 என்பது நல்ல விடை. ஜோசஃப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த மரை அளவில் அரை அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 12 சுற்று. அமெரிக்க அளவில் 13. ஆகவே உங்களுடையது பிரிட்டிஷ் பொருள், 1841க்குப் பிற்பட்டது. அட்லாண்டிக் கடந்து வந்த அறுவடை இயந்திரத்தின் போல்ட்டாக இருந்தால் 13 வந்திருக்கக்கூடும்.

குவிந்த தலையும் சதுரக் கழுத்தும் மரத்துக்கானவை. நட்டை முறுக்கும்போது கழுத்து மரத்தில் பதிந்து போல்ட் சுழலாமல் பிடித்துக்கொள்ளும். எனவே தலையின் அடிக்கும் நட்டின் முகத்துக்கும் இடையே உள்ள நீளமே அது இணைத்திருந்த மரத்தின் கனம். அதை அளந்து எழுதுங்கள். இரண்டு அங்குலத்துக்குள் என்றால் வாயிற்கதவின் சட்டமாக இருக்கலாம். நான்கைத் தாண்டினால் இரண்டு உத்திரங்கள் சேரும் இடம். வண்டியின் அடிச்சட்டத்தை நினைக்கலாம். பழைய வாயிலுக்கு அருகே அதே நீளத்தில் இன்னொன்றும் ஒரு கீல் பட்டையும் கிடைத்தால் கதவு என்று எழுதிவிடலாம். இந்த ஒன்றை மட்டும் வைத்து எழுத வேண்டாம்.